துறைமுகம் தேடிய தளபதி

திருக்கோணமலைக் கோட்டையின் வாயிலைக் கடந்து கோணேசர் கோயிலுக்கு ஏறிச் செல்வோர் பெரும்பாலும் இரண்டு வரலாறுகளையே நினைத்துக்கொள்வர். ஒன்று, பழைய கோயிலை இடித்து அதன் கற்களாற் கோட்டை கட்டிய போர்த்துக்கேயருடையது. மற்றையது, 1957ஆம் ஆண்டுவரை அத்துறைமுகத்தைத் தம் கடற்படைத் தளமாக வைத்திருந்த ஆங்கிலேயருடையது. இடைநடுவில் அக்கோட்டையின்மீது பிரான்சு மன்னனின் வெண்கொடி பறந்த ஒரு காலமும் உண்டு. மாணவரை அங்கு அழைத்துச் சென்ற போதெல்லாம் இதனைச் சொல்லி வந்திருக்கிறேன். அவர்களும் ஒவ்வொரு முறையும் வியப்போடுதான் கேட்டிருக்கிறார்கள். பாடநூலில் அரை வரியோடு முடிந்துபோகும் செய்தி அது. அந்தக் கொடியை அங்கு ஏற்றிய மனிதனைப் பற்றியே இன்று நேயர்களோடு பேச விரும்புகிறேன். பியர் அந்திரே த சுஃப்ரென் என்பது அவர் பெயர்.

அவர் 1729ஆம் ஆண்டு யூலை மாதத்தில், பிரான்சின் தென்பகுதியாகிய புரோவான்சு நாட்டிலே, ஒரு பிரபுவின் மூன்றாம் மகனாகப் பிறந்தவர். மூத்த மகனுக்கு நிலபுலமும் பட்டமும், இளையோருக்கு வாளும் திருச்சபையும் என்பது அக்காலப் பிரபு குடும்பங்களின் பங்கீடு. சுஃப்ரெனுக்கு இரண்டுஞ் சேர்ந்தே வாய்த்தன. மோல்ற்றாத் தீவிலிருந்து ஆட்சி செய்த யோவான் சபை வீரத்துறவியருள் ஒருவராகவும், பிரெஞ்சுக் கடற்படையில் ஒருவராகவும் அவர் வளர்ந்தார். 1743இல், பதினான்கு வயதிலே, தூலோன் துறைமுகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு பெப்ரவரியிலேயே, அத்துறைமுகத்துக்கு வெளியே ஆங்கிலேயருடன் நடந்த பெரும் போரைக் கண்டுவிட்டார். நம் வீடுகளிலே பதினைந்து வயதுப் பிள்ளை கணக்குப் பாடத்துக்கு அஞ்சிக்கொண்டிருக்கும் பருவத்தில், அந்தப் பிள்ளை பீரங்கித் தட்டிலே நின்றது.

அதன்பின் வந்த முப்பத்தேழு ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஏனெனில், அவை பெரும்பாலும் காத்திருந்த ஆண்டுகளே. 1747இலும் 1759இலும் இருமுறை அவர் ஏறியிருந்த கப்பல்கள் ஆங்கிலேயரிடம் சிக்கின; இருமுறையும் அவர் சிறைப்பட்டார். போரில்லாத காலத்தில் மோல்ற்றாச் சபையின் கப்பல்களிற் பணிசெய்தார். கப்பற்றலைவர் என்ற முழுப்பதவி 1772இல், நாற்பத்து மூன்றாம் வயதிலேதான் கிடைத்தது. அமெரிக்க விடுதலைப் போரிலே பிரான்சு சேர்ந்தபோது, தெஸ்த்தாங் பிரபுவின் கீழ் மேற்கிந்தியத் தீவுகளிற் போரிட்டார். அப்பெருந்தளபதிக்கு வீரம் உண்டு, கடலறிவு போதாது என்று எழுதவும் அவர் தயங்கவில்லை. ஆயினும், சுஃப்ரெனுக்குப் பெரும் பொறுப்பு அளிக்கவேண்டுமென்று அரசுக்குப் பரிந்துரைத்தவர்களுள் அந்தத் தெஸ்த்தாங்கும் ஒருவர். குறை சொன்னவனையே உயர்த்திவிடும் மேலதிகாரியை எல்லாத் திணைக்களங்களிலும் காண்பது அரிது.

சிறையில் இருந்த நாட்களிலும் பிறர் கட்டளைக்குக் காத்துநின்ற நாட்களிலும் அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் உறுதிப்பட்டது. அக்காலப் பிரெஞ்சுக் கடற்படை, கப்பலைக் காப்பதே முதற்கடன் என்று நினைத்தது. இரு தரத்துக் கப்பல்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டி, எதிரெதிரே இணையாகச் சென்று, பீரங்கி வெடித்து, மாலையானதும் பிரிந்துவிடும். இவ்வாறு போரிடுவதாற் பயனில்லை. எதிரியின் வரிசையில் ஒரு பகுதியைத் தேர்ந்து, அதன்மேல் இருபுறமும் நெருங்கி விழுந்து, அப்பகுதியை முற்றாக நசுக்கவேண்டும் என்பது சுஃப்ரெனின் கொள்கை. கொள்கை சரியானதே. அதை எத்தனைபேர் அறிந்திருந்தார்கள் என்ற கேள்வியைப் பின்னர்ப் பார்ப்போம்.

1781ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஐந்து போர்க்கப்பல்களுடன் அவர் பிறெஸ்ற் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டார். ஒல்லாந்தரின் நன்னம்பிக்கை முனைக் குடியேற்றத்தை ஆங்கிலேயர் கைப்பற்றாமற் காத்து, பின் இந்து சமுத்திரத்துக்கு வருவது அவருக்கிட்ட பணி. ஏப்பிரல் 16ஆந் திகதி, வேர்டே முனைத் தீவுகளிலுள்ள போர்த்தோ பிராயா துறையில், அதே முனையை நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஆங்கிலேயத் தளபதி யோன்ஸ்ரனின் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கக் கண்டார். அது நடுநிலை நாடாகிய போர்த்துக்கலின் துறை. எனினும் சுஃப்ரென் பொறுத்திருக்கவில்லை. உள்ளே புகுந்து தாக்கினார். பின்வந்த கப்பல்கள் செவ்வையாகத் துணைநிற்காமையால் வெற்றி அரைகுறையாயிற்று. ஆனால் யோன்ஸ்ரனின் பயணம் தடைப்பட்டது. சுஃப்ரென் முந்திச் சென்று யூன் மாதத்தில் முனையைச் சேர்ந்தார். அக்குடியேற்றம் அந்தப் போரில் ஆங்கிலேயர் கைக்குப் போகவில்லை. அங்கிருந்து, இன்று மொறீசியசு எனப்படும் பிரான்சுத் தீவுக்கு வந்து, அங்கிருந்த கப்பல்களோடு சேர்ந்துகொண்டார். முழுப்படைக்கும் தலைவரான முதியவர் தோர்வ், இந்தியாவை நோக்கிய பயணத்திலேயே, 1782 பெப்ரவரியிற் காலமானார். தலைமை சுஃப்ரெனிடம் வந்தது. அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது.

அவர் எதிர்நோக்கிய நிலையை உணரவேண்டுமானால், நம் கடலையும் காற்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். சோழமண்டலக் கரையிலே சென்னை முதல் நாகபட்டினம் வரை பெருங்கப்பல் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் ஒன்றேனும் இல்லை. கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் மனிதரும் அலைமீது படகிலே ஏறி இறங்குவர். சோளகக் காற்றுக் காலத்தில் இது இயலும். ஐப்பசியில் வாடைக்காற்றுத் தொடங்கிவிட்டால், அங்கு நிற்கும் கப்பலுக்கு உயிரில்லை. மரம் முறிந்த கப்பலைத் திருத்தவும், அடிப்பாகத்தைச் சுரண்டித் துப்புரவாக்கவும், நோயாளிகளைக் கரையேற்றவும் ஒரு துறை வேண்டும். ஆங்கிலேயருக்கு மேற்குக் கரையிலே பம்பாய் இருந்தது. பிரான்சியரின் புதுச்சேரியோ 1778இலேயே பறிபோய்விட்டது. அவர்களுடைய நட்பினரான ஒல்லாந்தரின் நாகபட்டினம் 1781 நவம்பரிலும், திருக்கோணமலை 1782 சனவரியிலும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தன. வங்கக் கடலின் மேற்கு ஓரத்தில் எக்காற்றுக்கும் அஞ்சாத ஒரே பெருந்துறை திருக்கோணமலை. அதை ஆங்கிலேயத் தளபதி சேர் எட்வேட் கியூஸ் பிடித்து ஐந்து கிழமைகள்தான் ஆகியிருந்தன.

இத்தகைய நிலையில் முன்பு ஒரு பிரெஞ்சுத் தளபதி என்ன செய்தார் என்பது யாவருக்கும் தெரியும். ஏழாண்டுப் போரிலே டாஷே என்பவர், கப்பல்களைத் திருத்துவதற்கெனப் பிரான்சுத் தீவுக்குத் திரும்பினார். கடற்றுணை இழந்த புதுச்சேரி 1761இல் வீழ்ந்தது. சுஃப்ரெனும் அவ்வாறு திரும்பியிருக்கலாம். எவரும் குற்றங் கூறியிரார். அவர் திரும்பவில்லை. கரையை விட்டு விலகினால், மைசூர் மன்னர் ஐதர் அலியோடு கொண்ட உறவும் அறுந்துபோகும் என்பதை அவர் தெளிவாகக் கண்டார். அவருடைய பெருமை போரிற் காட்டிய துணிவைவிட இந்த முடிவிலேயே அதிகம் இருப்பதாக நான் கருதுகிறேன்.

1782 பெப்ரவரி 17ஆந் திகதி சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே முதற்போர். ஆங்கிலேய வரிசையின் பிற்பகுதியை நசுக்க முயன்றார். எக்சீற்றர் என்னுங் கப்பல் பெரும் சேதமடைந்தது. ஆனால் பிரெஞ்சுக் கப்பல்கள் சில தூரத்திலேயே நின்றுவிட்டன. பின் பரங்கிப்பேட்டையிலே துருப்புகளை இறக்கினார். ஐதர் அலியின் துணையோடு அவை கூடலூரைக் கைப்பற்றின. ஏப்பிரல் 12ஆந் திகதி இரண்டாம் போர், திருக்கோணமலைக்குத் தெற்கே, நம் கீழ்க்கரைக்கு மிக அண்மையில், புரோவிடியன் என்ற சிறு பாறைத்தீவின் அருகே நடந்தது. இரு பக்கத்திலும் தலைக்கு 137 பேர் மாண்டனர் என்று கணக்குண்டு. அதே நாளிலே, உலகின் மறுபுறத்தில், மேற்கிந்தியத் தீவுகளுக்கருகே பிரான்சின் பெரும்படை தோற்று, அதன் தளபதி த கிராஸ் சிறைப்பட்டார். அச்செய்தி இங்கு வந்துசேர எத்தனை மாதங்கள் ஆயிற்று என்பதை எண்ணிப் பாருங்கள்! பாய்க்கப்பற் காலத்துத் தளபதி, தன் நாடு வென்றதா தோற்றதா என்று அறியாமலே போரிட்டான்.

இரண்டாம் போரின்பின் சுஃப்ரென் வந்து ஒதுங்கிய இடம் மட்டக்களப்பு. ஒல்லாந்தர் கையில் எஞ்சியிருந்த அவ்விடத்திலே, நோயுற்றவரைக் கரையேற்றி, யூன் மாதத் தொடக்கம்வரை தங்கினார். நெடுநாட் கடலிலிருந்து புதிய காய்கனி காணாமையால் ஈறு வீங்கிப் பல் உதிரும் ஸ்கர்வி நோய், பீரங்கிக் குண்டினும் அதிகமாக மாலுமிகளைத் தின்றுகொண்டிருந்த காலம் அது.

யூலை 6ஆந் திகதி நாகபட்டினத்துக்கு எதிரே மூன்றாம் போர். நடுப்பொழுதில் காற்றுத் திசைமாறி இரு வரிசைகளையும் கலைத்துவிட்டது. அந்தக் குழப்பத்திலே, செவேர் என்ற பிரெஞ்சுக் கப்பலின் தலைவர் கொடியை இறக்கிச் சரணடைய முற்பட்டார். அவருடைய கீழதிகாரிகள் அதை ஏற்க மறுத்து, மீண்டும் பீரங்கி வெடிக்கத் தொடங்கினர். போர் முடிந்தபின், சரணடைந்த கப்பலை ஒப்படைக்க வேண்டுமென்று கியூஸ் ஆளனுப்பிக் கேட்டார்; சுஃப்ரென் இணங்கவில்லை.

கூடலூர் திரும்பிய அவருக்குப் பாய்மரமும் இல்லை, மரம் வெட்டக் காடும் இல்லை. பிடிபட்ட வணிகக் கப்பல்களின் மரங்களைப் பிடுங்கிப் போர்க்கப்பல்களில் நட்டார். நகரிலே வீடுகளை இடித்து அவற்றின் உத்திரங்களை எடுத்தார். மூன்று கிழமைகளில் கப்பல்கள் மீண்டும் கடலேறத்தக்கனவாயின. வரலாற்றாசிரியர் எல்லோரும் இந்த அருஞ்செயலைப் புகழ்ந்திருக்கிறார்கள். உத்திரம் போன வீட்டுக்காரர் எங்கே படுத்தார் என்று எவரும் எழுதிவைக்கவில்லை.

யூலை மாதக் கடைசியில், ஐதர் அலி தம் பெரும்படையோடு வாகூருக்கு அருகே வந்து தளபதியைச் சந்தித்தார். சுஃப்ரென் மிகப் பருத்த உடலினர். தரையிற் சம்மணமிட்டு அமர இயலாமல் வருந்தினார். மன்னர் அதைக் கண்டு, மெத்தை தலையணைகளை வருவித்து, அரச சபையின் முறையைத் தளர்த்தி, விருந்தினரை வசதியாக அமரச்செய்தார் என்பர். இனிய காட்சிதான். ஆயினும், அதே நாட்களிலே நிகழ்ந்த இன்னொன்றைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. கைதிகளுக்கு உணவளிக்கவும் அவர்களைக் காக்கவும் சுஃப்ரெனுக்கு வழியில்லை; கைதிப் பரிமாற்றம் செய்யச் சென்னை ஆளுநரோடு நடத்திய பேச்சும் கைகூடவில்லை. ஆகவே, நூற்றுக்கணக்கான ஆங்கிலேயக் கைதிகளை அவர் ஐதர் அலியிடம் ஒப்படைத்தார். அவர்களுட் பலர் மைசூர்ச் சிறைகளில் ஆண்டுக்கணக்காக வாடினர். ஹனிபல் என்ற கப்பலிற் பிடிபட்ட யேம்ஸ் ஸ்கறி என்ற சிறுவன் ஏறத்தாழப் பத்தாண்டின் பின்னரே தப்பி மீண்டு, தன் துன்பத்தை நூலாக எழுதினான். சுஃப்ரெனுக்கு வேறு வழி இருக்கவில்லை என்று அவர் நாட்டு ஆசிரியர்கள் சிலர் வாதிப்பர். அவர்களை உறுதிமொழி பெற்று விடுவித்திருக்கலாமே என்பது என் எண்ணம். இருமுறை கைதியாய் இருந்தவர் அவர்.

ஓகஸ்ட் மாதத்தில் மீண்டும் மட்டக்களப்புக்கு வந்து, பிரான்சிலிருந்து வந்த இரண்டு கப்பல்களையும் அறுநூறு துருப்பினரையும் சேர்த்துக்கொண்டு, 25ஆந் திகதி திருக்கோணமலைக்கு முன் தோன்றினார். மறுநாள் துருப்புகள் கரையிறங்கின. 29இல் பீரங்கிகள் முழங்கின. 30இல் கோட்டை பணிந்தது. துறைவாயிலின் மேட்டிலுள்ள ஒஸ்ரன்பேர்க் கோட்டை 31இல் பணிந்தது. கியூஸ் எந்த நேரமும் வந்துவிடக்கூடும் என்பதால், காவற்படை மரியாதையோடு சென்னைக்குச் செல்லலாம் என்ற தாராளமான நிபந்தனையை அவர் அளித்திருந்தார். கணக்கு இம்மியும் பிசகவில்லை. செப்டெம்பர் 2ஆந் திகதி கியூஸின் பாய்கள் அடிவானிலே தெரிந்தன. கோட்டையிலோ வெண்கொடி பறந்தது.

தேடிய துறை கைக்கு வந்துவிட்டது. இனி உள்ளேயே இருந்தால் கியூஸ் ஒன்றுஞ் செய்ய இயலாது. கப்பற்றலைவர் பலர் அவ்வாறே ஆலோசனை கூறினர். சுஃப்ரெனிடம் பதினான்கு கப்பல்கள், கியூஸிடம் பன்னிரண்டு. இத்தகைய வாய்ப்பு இனி வாராது என்று அவர் கருதி, 3ஆந் திகதி காலையில் வெளியேறினார். கியூஸ் தந்திரமாகப் பின்வாங்கி, மணிக்கணக்காக அவரைத் துறையிலிருந்து தூர இழுத்துச் சென்றார். பிரெஞ்சு வரிசை குலைந்தது. பிற்பகலிலே, நெருங்கி வாருங்கள் என்ற கட்டளையை வலியுறுத்தச் சுஃப்ரென் ஒரு பீரங்கி வெடிக்கச் செய்தார். அவர் கப்பலாகிய ஏரோவின் வீரர்களே அதைப் போர் தொடங்கும் அடையாளமாக எண்ணி முழுப்பக்கத்தையும் வெடித்தனர். மற்றக் கப்பல்களும் தாம் நின்ற தூரத்திலிருந்தே வெடிக்கத் தொடங்கின. ஏரோவும், இல்லுஸ்தரும், அஜாக்சும் மட்டும் எதிரி வரிசையின் நடுவிலே தனித்து நின்றன. ஏரோ என்றால் வீரன் என்று பொருள். அதன் நடுப்பாய்மரம் கொடியோடு சரிந்து விழுந்தது. தளபதி பணிந்துவிட்டார் என்று எண்ணி ஆங்கிலேயர் ஆரவாரித்தனர். சுஃப்ரெனோ, கப்பலைச் சுற்றிலும் வெண்கொடிகளைக் கட்டுமாறு கூவினார் என்பர். மாலையில் காற்று மாறி, முன்சென்ற ஆங்கிலேயக் கப்பல்கள் திரும்பியபோது, இருளே இருவரையும் பிரித்தது. பிரான்சியருள் 82 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் அந்த மூன்று கப்பல்களில் இருந்தவர்கள். மற்றப் பதினொன்றிலே என்ன நடந்தது என்பதற்கு இந்தக் கணக்கே சான்று. துறைக்குத் திரும்பும் வழியில், ஓரியான் என்ற பெருங்கப்பல் இரவிலே பாறையில் மோதி உடைந்தது.

கப்பற்றலைவர் நால்வர் பதவி நீங்கி ஊர் செல்ல இசைவு கேட்டனர், கொடுத்தனுப்பினார். அவர்கள் கோழைகள், துரோகிகள் என்பது சுஃப்ரெனைப் போற்றுவோரின் தீர்ப்பு. இங்கே ஓர் ஆசிரியன் என்ற முறையிலே சிறிது மாறுபட விரும்புகிறேன். முப்பது ஆண்டுகளாகத் தம் உள்ளத்தில் வளர்த்த போர்முறையை அவர் தம் கீழ் இருந்தோருக்கு எப்போதாவது அமர்ந்து விளக்கினாரா? விளக்கினார் என்பதற்குப் போதிய சான்று இல்லை. கொடி அசைவுகளிலேயே எல்லாவற்றையும் உணர்ந்துகொள்வர் என்று எதிர்பார்த்தார். பின்னாளில் நெல்சன் தம் கப்பற்றலைவரை விருந்துக்கு அழைத்து, மேசையிலேயே போர்த்திட்டத்தை மீண்டும் மீண்டும் சொல்லிவைத்தார். ஆகவே புகையிலே கொடி மறைந்தபோதும் ஒவ்வொருவனும் தன் கடமையை அறிந்திருந்தான். பாடத்தைச் சொல்லாமற் பரீட்சையிலே வகுப்பைக் குற்றஞ்சாட்டும் ஆசிரியரை நான் கண்டிருக்கிறேன். சில நாட்களில் நானே அவ்வாறு இருந்திருக்கிறேன். அந்தத் தலைவர்களிற் சிலர் உண்மையிலேயே தளர்ந்தவர்கள்தாம். ஆயினும் பழியிற் பாதி ஏரோவின் மேற்றட்டுக்கு உரியது.

வாடைக்காலத்தைச் சுமாத்திராவின் ஆச்சேயிற் கழித்து, 1783 பெப்ரவரியில் அவர் திருக்கோணமலைக்கு மீண்டார். அப்போது அங்கு கைதியாய் வந்துசேர்ந்த வில்லியம் இக்கி என்ற ஆங்கிலேயர், தம் நினைவுக்குறிப்பிலே அவரை வருணித்துள்ளார். புகழ்பெற்ற தளபதியைக் காணச் சென்றவர் கண்டது, அழுக்கான சட்டையோடு, இறைச்சிக்கடைக்காரன் போன்ற தோற்றமுடைய குள்ளமான பருத்த மனிதரை! ஆனால் அவர் தம்மை அன்போடு நடத்தியதையும் இக்கி மறக்காமற் பதிந்திருக்கிறார்.

யூன் மாதத்தில் ஆங்கிலேயர் கூடலூரை முற்றுகையிட்டனர். ஐதர் அலி முந்திய டிசம்பரிலேயே இறந்துவிட்டார். பிரெஞ்சுத் தரைப்படைக்குத் தலைவராக வந்த முதியவர் பியூசி கோட்டைக்குள் அடைபட்டிருந்தார். சுஃப்ரென் பதினைந்து கப்பல்களுடன் விரைந்தார். மாலுமிகள் போதாமையால், பியூசியிடமிருந்து ஐரோப்பியரும் நம்மவராகிய சிப்பாய்களுமாக 1200 பேரைப் பெற்றுக் கப்பலேற்றினார். யூன் 20ஆந் திகதி, பதினெட்டுக் கப்பல்களோடு நின்ற கியூஸை எதிர்த்தார். எந்தக் கப்பலும் மூழ்கவில்லை. ஆனால் கியூஸ் சென்னைக்கு விலகினார். கடல்வழித் துணையை இழந்த முற்றுகை தளர்ந்தது. ஒன்பது நாளின் பின் சமாதானச் செய்தியோடு ஒரு கப்பல் வந்தது. முதல் உடன்படிக்கை சனவரி 20ஆந் திகதியே கையெழுத்தாகிவிட்டதாம். அதாவது, அந்த ஐந்தாம் போரிலே இறந்தவர்கள் அமைதிக் காலத்தில் இறந்தவர்கள்.

அத்துணைப் பாடுபட்டுப் பெற்ற திருக்கோணமலை உடன்படிக்கைப்படி ஒல்லாந்தருக்கே மீண்டது. பன்னிரண்டாண்டு கழியுமுன், 1795இல், ஆங்கிலேயர் அதை மறுபடியும் பிடித்துக்கொண்டனர்.

ஊர் திரும்பும் வழியில் சுஃப்ரென் நன்னம்பிக்கை முனையிலே தங்கினார். கியூஸின் படையைச் சேர்ந்த கப்பல்கள் சிலவும் அங்கு நின்றன. அவற்றின் தலைவர்கள், ஐந்து முறை தம்மீது குண்டு பொழிந்த அந்தப் பருத்த மனிதரைக் காண ஏரோவுக்கு வந்து வணக்கஞ் செலுத்தினார்கள். தம் சொந்தத் தலைவர்களிடம் தமக்குக் கிட்டாத அந்த மதிப்பு அவருக்கு மிகுந்த மகிழ்ச்சியளித்தது. 1784 மார்ச்சில் தூலோனை அடைந்தார். பிரெஞ்சுக் கடற்படையில் அதுவரை மூன்றே துணைப் பெருந்தளபதிப் பதவிகள் இருந்தன. மன்னன் பதினாறாம் லூயி அவருக்கென்றே நான்காவது ஒன்றை உண்டாக்கி, அது அவரோடு ஒழியவேண்டுமென்றும் விதித்தான். 1788 டிசம்பர் 8ஆந் திகதி சுஃப்ரென் பாரிசிற் காலமானார். அந்தப் பதவியும் அன்றோடு ஒழிந்தது.